புளித் தண்ணீரில் நானூறு தோட்டாக் கூடுகள்

1986-ஆம் வருடம், ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், இர்விங் என்ற ஊர். கல்யாணமாகி செங்கல்பட்டிலிருந்து அங்கே போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. என் கணவர் காலை ஏழரைக்குக் காரை எடுத்துக்கொண்டு லாஸ் கோலினாஸில் இருந்த ஆபீஸுக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் தலை தெரியும். நடுவில் நானும் டி.வி.யும்தான். சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று ஒருநாள் சாலையோரமாகக் கிளம்பினேன். பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் காரை நிறுத்தி, வண்டி ரிப்பேரா, உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டார்கள். அதோடு நடையை நிறுத்திக்கொண்டேன்.

அந்தச் சிறையிலிருந்து என்னை வெளியே எடுத்தவள் பக்கத்து வீட்டுக்காரி. டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவள், தனியாக இருந்தாள், ஸ்கூல் பஸ் ஓட்டுவது வேலை. என்னைவிடப் பத்து வயது பெரியவள். இருந்தாலும் 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கோடை விடுமுறையில் பஸ் ஓடாது. ஸ்கூலின் காலி பார்க்கிங்கில் தன்னுடைய நீளமான பழைய காரை என்னிடம் கொடுத்து, தினம் ஒரு மணி நேரம் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். டெஸ்டில் இரண்டு தடவை கோட்டைவிட்டேன். மூன்றாவது தடவை லைசென்ஸ் கையில் வந்தபோது என்னைவிட அவள்தான் அதிகமாகக் குதித்தாள்.

இவ்வளவு நல்லவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. துப்பாக்கி சுடுவாள். ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் ரிவால்வரால் குறி பார்த்துச் சுடும் போட்டிகள் நடக்கும். வருடா வருடம் போவாள். முதலில் கேட்டபோது பயந்துபோனேன். எங்கள் ஊரில் துப்பாக்கி என்றால் தீபாவளித் துப்பாக்கிதான். ஆனால் அவள் கராஜுக்குப் போய்ப் பார்த்த அன்று பயம் பாதி போய்விட்டது. சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டை அவள் தூக்கிப் போடுவதில்லை. வேர்க்கடலையை உரித்தால் தோல் மிஞ்சுகிற மாதிரி தோட்டாவிலும் ஒரு கூடு மிஞ்சுகிறது. அதைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துப் புதுத் தோட்டாவாக்குவாள். ஒரே கூட்டை ஏழெட்டு தடவை பயன்படுத்துவாளாம்.

எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காகிதத் தட்டில் தின்று தூக்கி எறிகிற ஊரில், ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவிப் பருப்பு போட்டு வைக்கிற என்னைப் போல இன்னொருத்தி!

கரி பிடித்த கூடுகளைச் சுத்தம் செய்ய அவளிடம் ஒரு மெஷின் இருந்தது. மக்காச்சோளக் கட்டையை அரைத்து ரவை போல ஆக்கி, அதற்குள் கூடுகளைப் போட்டு மூடி, சுவிட்சைத் தட்டினால் மூன்று மணி நேரம் குலுக்கிக்கொண்டே இருக்கும். எடுத்தால் தங்கக் காசு மாதிரி இருக்கும். அதற்கு டம்ளர் என்று பெயர் சொன்னாள். எனக்கு டம்ளர் என்றால் காபிதான் ஞாபகம் வரும் என்றேன், சிரித்தாள்.

ஆகஸ்டில் அந்த மெஷினின் மோட்டார் புகைந்துவிட்டது. புது மோட்டார் எப்போது வருமோ தெரியாது. போட்டிக்கோ இரண்டு வாரம்தான் இருந்தது. ஒரே சமயத்தில் வாங்கிய, ஒரே மாதிரியான நானூறு கூடுகளை இந்தப் போட்டிக்கென்றே சேர்த்து வைத்திருந்தாள். அவை கரியோடு ஒரு வாளியில் கிடந்தன. இந்த நேரம் பார்த்து ஹூஸ்டனில் அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. செடிக்குத் தண்ணீர் விடு, பூனைக்குச் சாப்பாடு வை என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மூன்று நாளைக்குக் கிளம்பிவிட்டாள்.

நான் சாவியையும் பார்த்தேன், வாளியையும் பார்த்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பித்தளை தேய்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு நினைப்பு. கார்த்திகைக்குக் குத்துவிளக்கைத் தேய்த்து வைத்தால், எதையும் லேசில் பாராட்டாத என் மாமியாரே முகம் பார்க்கலாம் போலிருக்கிறதே என்று சொல்லியிருக்கிறார். மெஷின் மூன்று மணி நேரத்தில் செய்வதைப் புளி மூன்று நிமிடத்தில் செய்யும். லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவளுக்கு நான் என்ன திருப்பிச் செய்தேன்? திரும்பி வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது இந்தியக் கடைக்கு மாதம் ஒருமுறைதான் போவோம். வீட்டிலிருந்த புளி போதாது. புது லைசென்ஸோடு தனியாகக் காரோட்டிப் போவதற்கு ஒரு சாக்கு வேண்டாமா? அந்தச் சனிக்கிழமை, கணவரின் காரை எடுத்துக்கொண்டு மெக்சிகோக்காரர் கடைக்குப் போய், ஓட்டோடு விற்கிற புளியம்பழம் ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் வாளியில் புளியைக் கரைத்து, கல்லுப்பு ஒரு கை போட்டு, கூடுகளை உள்ளே தள்ளினேன்.

இங்கேதான் என் அதிபுத்தி வேலை செய்தது. விளக்கென்றால் தேய்த்தோம், கழுவினோம் என்று முடித்துவிடலாம். இது சுண்டு விரல்கூட நுழையாத கூடு. உள்ளே இருக்கும் கரி எப்படிப் போகும்? ஊறினால் தானாகப் போகும் என்று இராத்திரி முழுவதும் ஊறவிட்டுவிட்டேன்.

காலையில் எடுத்துக் கழுவினால் கரி போயிருந்தது. ஆனால் பித்தளையின் மஞ்சளும் போயிருந்தது. எல்லாமே ஒரு மாதிரி ரோஜா நிறத்தில், செம்பு போல இருந்தன. புளி அதிகம் பட்டால் சொம்பில்கூட இப்படித் திட்டு வருமே, தேய்த்தால் போய்விடும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். தேய்க்க ஊரில் சாம்பல் இருக்கும். டெக்சாஸில் சாம்பலுக்கு எங்கே போவேன்? மாமியார் திருத்தணியிலிருந்து வாங்கிக் கொடுத்தனுப்பிய விபூதி ஒரு பெரிய பொட்டலம் இருந்தது. முருகா, நல்ல காரியத்துக்குத்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பிரித்தேன்.

ஒன்றரை நாள் தேய்த்தேன். ஒவ்வொன்றாக, நானூறு. பழைய புடவையை வீட்டுக்குப் பின்னால் விரித்து, வடாம் காயவைக்கிற மாதிரி பரப்பி வைத்தேன். அந்த ஊரில் காக்கையைவிடச் சின்னதாக, நீள வாலோடு ஒரு கறுப்புப் பறவை உண்டு. அது நாலைந்து வந்து இறங்கியதும் நான் விளக்குமாற்றோடு காவலுக்கு உட்கார்ந்துவிட்டேன். பித்தளையை எந்தப் பறவை தின்னும் என்று தோன்றவே அரை மணி நேரம் ஆயிற்று. தபால்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். புடவை கட்டிய பெண், கையில் விளக்குமாறு, எதிரே நானூறு தோட்டாக் கூடுகள். மனிதர் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

காய்ந்ததும் பார்த்தால் ரோஜா நிறத்தின் சுவடே இல்லை. மெஷின் தோற்றது போங்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் திரும்பினாள். எவர்சில்வர் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். மூடியைத் திறந்தவள் கத்தியே விட்டாள். என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். கராஜ் விளக்குக்குக் கீழே ஒரு கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எப்படிச் செய்தாய் என்று கேட்டாள். எங்கள் ஊர் ரகசியம் என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

பிறகு அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வேலை செய்யும் மேஜையை ஒழுங்குபடுத்தினாள். மருந்து வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டையும் பார்க்க வேண்டுமாம். வாயில் கீறல் இருந்தால் குப்பை. பிறகு ஒரு சின்ன டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். யாரோ வினிகரில் ரொம்ப நேரம் போட்டுக் கெடுத்ததாம், பாடத்துக்காக வைத்திருக்கிறாளாம். அது ரோஜா நிறத்தில் இருந்தது.

புளிப்பானது எதுவும் பித்தளையில் இருக்கிற துத்தநாகத்தைத் தின்றுவிடும், வெறும் செம்பு மிஞ்சும், தகடு பலமிழந்துவிடும் என்று விளக்கினாள். சுடும்போது வெடிக்கிற வெடியைத் தாங்கிப் பிடிப்பது இந்தத் தகடுதான், அது கிழிந்தால் நெருப்பும் புகையும் எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது என்றாள். கையை நீட்டித் துப்பாக்கி பிடிப்பது போல் காட்டி, தன் முகத்தைத் தொட்டாள். பிறகு என் தூக்கைப் பார்த்துச் சிரித்தாள். உன்னுடையதில் அந்தக் கவலையே இல்லை, எல்லாம் தங்கம், சாப்பிட்டுவிட்டு இன்றைக்கே ஆரம்பித்துவிடுவேன் என்றாள்.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு நிஜமாகவே கரைத்தது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இப்போதுதான் தூக்கிச் சுற்றினாள், இப்போதுதான் ரகசியம் என்று பீற்றிக்கொண்டேன். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மேலே மட்டும்தானே சிவப்பு, அதைத்தான் தேய்த்து எடுத்துவிட்டோமே என்று ஒரு மனம் சொன்னது. எடுத்தது நிறத்தைத்தானடி, போன பலம் திரும்பி வந்ததா என்று இன்னொன்று கேட்டது.

கணவர் சாப்பிட உட்கார்ந்தார். வீட்டில் புளி தீர்ந்துபோனதால் இரண்டு நாளாக எலுமிச்சம்பழ ரசம்தான். நான் தட்டே வைத்துக்கொள்ளவில்லை.

"நீ சாப்பிடல?"

"பசிக்கல."

"ரெண்டு நாளா தோட்டா தேய்ச்ச ஆளு பசிக்கலன்னா நான் நம்பணுமா? என்ன ஆச்சு, சொல்லு."

சொன்னேன். அவர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? போய் சொல்லு. இப்பவே."

"எல்லாமே வீணாப் போச்சுன்னு எப்படிங்க சொல்றது? பத்து நாள்ல போட்டி. நீங்களும் கூட வாங்களேன்."

"புளி ஊற வெச்சப்போ என்னைக் கேட்டியா? ஓடு."

ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. அவள் கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. மேஜையில் பொருத்திய, கூட்டில் குண்டை அழுத்தி வைக்கும் கருவியின் கைப்பிடியைப் பிடித்தபடி, பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மூன்று தோட்டாக்கள் ஏற்கனவே தயாராகி வரிசையாக நின்றன. அந்த மூன்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் இங்கிலீஷ் சாதாரண நாளிலேயே தள்ளாடும். அன்று அழுகையோடு சேர்ந்து என்ன வந்ததோ தெரியாது. நிறுத்து, அது ரோஜா நிறம், நான்தான் மறைத்தேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவள் கைப்பிடியை விட்டாள். எத்தனை மணி நேரம் ஊறியது என்று கேட்டாள். பத்து மணி நேரம் இருக்கும் என்றேன். ஒரு கூட்டை எடுத்து இடுக்கியால் அழுத்தினாள். நல்ல பித்தளையாக இருந்தால் வளையும். இது மொறுக்கென்று வாய் பிளந்தது. என் விரலும் விபூதியும் எட்டாத உட்பக்கம் முழுக்க, பிளந்த ஓரத்தோடு சேர்த்து, அந்த ரோஜா நிறம் அப்படியே இருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் கதவோரம் நின்றேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

கடைசியில் அவள் கேட்டது, இதையெல்லாம் தொட்ட பிறகு கையை நன்றாகக் கழுவினாயா என்றுதான். அந்தக் கரியில் ஈயம் இருக்குமாம், நல்லதல்லவாம். ஊறவைத்த வாளியை நாளைக்கே குப்பையில் போடச் சொன்னாள். அதன் பிறகு, அப்படியானால் எதைப் போட்டு இப்படித் தேய்த்தாய் என்று கேட்டாள். கோயில் விபூதி என்றேன். அது என்ன என்றாள். நெற்றியில் இட்டுக்கொள்வது, சாமி பிரசாதம் என்று விளக்கினேன்.

என்னையே பார்த்தாள். உதடு துடித்தது. அவ்வளவுதான், விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஆக, சாமியே ஆசீர்வாதம் பண்ணியும் சுட முடியாத தோட்டா, டெக்சாஸிலேயே என்கிட்டதான் இருக்கு!"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவள் தயாராகியிருந்த மூன்றையும் பிரிப்பதற்கென்று தனியே எடுத்து வைத்தாள். இரண்டாவது இடுக்கி ஒன்றைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள். தப்பித்தவறிக்கூட வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது, எல்லாவற்றையும் நசுக்க வேண்டும், பாதி உன்னுடையது என்றாள். ஒன்றரை நாள் உட்கார்ந்து மினுக்கியதை நானே நசுக்கினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரங்கைப் பிடித்தவளே இடித்துப் போட்டதை அன்றுதான் பார்த்தேன். நசுக்கிக்கொண்டே அவள் சொன்னாள், இனிமேல் எதுவானாலும் முதலில் என்னைக் கேள், ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

அந்த வார இறுதியில் சுடும் மைதானத்தில் அனுமதி கேட்டு, மற்றவர்கள் விட்டுப்போன கூடுகளைப் பொறுக்கப் போனோம். போகும்போது அவள் ஓட்டினாள். வரும்போது சாவியை என்னிடம் எறிந்துவிட்டாள். நான் முதல் முதலாக ஃப்ரீவேயில் ஓட்டியது அன்றுதான். மைதானத்தில் புடவையை இழுத்துச் செருகி, காலில் ஷூவோடு, சரளைக் கல்லுக்கு நடுவே குனிந்து குனிந்து பொறுக்கினேன். கூட்டின் அடியில் பொறித்த எழுத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும், கீறலைப் பார்க்க வேண்டும். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிய கண்ணுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மதியத்துக்குள் முன்னூற்றுச் சொச்சம் சேர்ந்தது. கிளப்பில் அவளோடு போட்டிக்கு நிற்கிறவர் ஒருவர், கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மோட்டார் வந்துவிட்டது. மெஷின் மூன்று மணி நேரம் ஓடியது. பிறகு கூடுகளையும் மக்காச்சோள ரவையையும் பிரிக்க வேண்டும். அவள் வடிதட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொன்றையும் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். என் கை பரபரத்தது. வீட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த முறம் ஒன்று இருந்தது. எடுத்துவரத் திரும்பியவள் சட்டென்று நின்றேன்.

"ஒன்று கேட்கட்டுமா?" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதை முறத்தில் போட்டுப் புடைக்கட்டுமா, பித்தளைக்கு ஏதாவது கெடுதல் வருமா என்று கேட்டேன். கொல்லைப் பக்கம் போய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்தால் சரி என்றாள். நான் புடைக்கப் புடைக்க ரவை ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம் ஒதுங்கியது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அந்த முறம் அதோடு அவள் கராஜுக்கே சொந்தமாகிவிட்டது. அரிசிக்கு நான் வேறு வாங்கிக்கொண்டேன்.

போட்டியில் அவளுக்கு மூன்றாவது இடம். சின்னதாக ஒரு பித்தளைக் கோப்பை கொடுத்தார்கள். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அதை என் கையில் வைத்தாள்.

"இதை நான் சுடப் போறதில்ல. உன் புளியை இதுக்குப் போட்டுத் தேய்."

மூன்று வருடம் கழித்து நாங்கள் நியூஜெர்சிக்கு மாற்றலாகி வந்துவிட்டோம். கிளம்பும்போது, நசுக்கிய கூடுகளில் ஒன்றை அவளிடம் கேட்டு வாங்கி வந்தேன். இன்றும் பூஜை அலமாரியில், விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இது எதுக்கும்மா இங்கே என்று மகள் இங்கிலீஷில் கேட்பாள். அது அம்மாவோட இன்னொரு லைசென்ஸ் என்பேன்.

ஒவ்வொரு கார்த்திகைக்கும் விளக்கு, மணி, தட்டு எல்லாவற்றையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைக்கிறேன். அந்த நசுங்கிய கூட்டை மட்டும் தேய்ப்பதில்லை. செய்த தவறை மினுக்கி மறைத்த கைதான் என்னுடையது என்பதையும், வெறுங்காலோடு ஓடிப்போய்ச் சொன்னதால் ஒருத்தியின் முகமும் எங்கள் சிநேகமும் பிழைத்தன என்பதையும், பிளந்த வாய்க்குள் தெரிகிற அந்த ரோஜா நிறம் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.